லண்டன் கண்காட்சியின் பன்னிரண்டு படங்கள்

என் பூட்டனார் லண்டனுக்குப் போனவர் என்று சொன்னால் ரங்கூனில், பபேடான் பக்கம், யாரும் நம்பமாட்டார்கள். சமைக்கப் போனவர் என்று சேர்த்துச் சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனின் ஓரத்தில் ஒரு பெரிய உலகக் கண்காட்சி வைத்தார்கள். பர்மாவுக்கும் அதில் ஒரு மண்டபம் இருந்தது. அங்கே பட்டு நெய்து காட்டவும் மரம் செதுக்கிக் காட்டவும் ஆட்களைக் கப்பலேற்றியபோது, அவர்களுக்குச் சோறு பொங்க ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். வாப்பாவின் பாட்டனார் அப்படித்தான் சீமை பார்த்தார். ஊர் திரும்பும்போது எல்லோரும் கடிகாரமும் கம்பளியும் வாங்க, அவர் மட்டும் பன்னிரண்டு புகைப்படங்களை வாங்கிவந்தார். அந்தக் கடிகாரத்தைப் பற்றிய மனக்குறை எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஆறவில்லை.

அந்தப் படங்கள் வரிசையாக அடுக்கினால் ஒரு கதை சொல்லும். முதல் படத்தில் வெறும் மேய்ச்சல் நிலம், நாலைந்து மாடுகள், ஓரத்தில் கிளை ஒடிந்த பெரிய மரம். அடுத்ததில் அதே நிலத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் இரும்புச் சட்டங்கள், மண்டபங்கள், ஏரியில் படகுகள், தொப்பியும் குடையுமாகக் கூட்டம். கடைசிப் படங்களில் கண்காட்சிக்கு வெளியே ஊர் வளர்ந்துகொண்டு போகிறது. புதுத் தெரு, ஒரே அச்சில் வார்த்தமாதிரி வரிசை வீடுகள், பஸ்ஸுக்கு நிற்கும் சனங்கள். நடுவில் ஒன்று மட்டும் எங்களுடையது. செதுக்கு வேலை செய்த கூரையும் வாசலில் இரண்டு சிங்கங்களுமாகப் பர்மா மண்டபம், அதன் படியில் கோட்டும் லுங்கியும் தொப்பியுமாகப் பூட்டனார். படத்தின் பின்னால் அவர் பெயரும் ரங்கூன் என்ற ஊர்ப்பெயரும் எழுதி, கண்காட்சி முத்திரை குத்தியிருக்கும்.

இவ்வளவு பெருமையான படங்களை நாங்கள் சுவரில் மாட்டியதில்லை. முகம் தெரியும் படம் இருக்கிற வீட்டுக்குள் ரஹ்மத்துடைய மலக்குமார், அதாவது இறைவன் அருளைக் கொண்டுவரும் வானவர்கள், வரமாட்டார்கள் என்பது உம்மாவின் உறுதியான நம்பிக்கை. படங்கள் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தன. வெளியிலிருந்து வருகிற படங்களுக்கு உம்மாவிடம் வேறு வைத்தியம் இருந்தது. சோப்புப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணானாலும் கடைக்காரர் கொடுக்கிற காலண்டரில் நிற்கிற பெண்ணானாலும், வீட்டுக்குள் நுழைந்த அன்றே பேனாவால் முகத்தைக் கிறுக்கிவிடுவார். நாலு வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காரியம் இது. எங்கள் வீட்டில் முகத்தோடு இருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

எனக்கு எட்டு வயதானபோது அந்தப் பெட்டியைத் திறக்கவேண்டி வந்தது. எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு கல்லூரிகளை மூடுவதும் திறப்பதுமாக இருந்த வருஷங்கள் அவை. ராத்தா, அதாவது என் ஒரே அக்கா, பத்தாம் வகுப்பில் எங்கள் தெருவே வாய்பிளக்கும்படி மார்க் வாங்கியிருந்தாள். டாக்டர் படிப்புக்கு மார்க் போதும். ஆனால் அட்டை வேண்டும். வாப்பாவிடம் இருந்த பழைய மூன்று மடிப்பு அட்டை செல்லாது என்று ஆகி, புது அட்டைகள் வந்திருந்தன. அவற்றில் நிறம் உண்டு. இளஞ்சிவப்பு அட்டைக்காரர் இந்த மண்ணின் முழுக் குடிமகன். நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம் என்று காட்டினால் இளஞ்சிவப்புக்கு வழி இருக்கிறது என்றார்கள். காட்டுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது? பூட்டனார் காலத்துக் காகிதமெல்லாம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது வீட்டோடு எரிந்துபோயிருந்தது. அவர் ரங்கூன்காரர் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்தப் படம்.

அதிகாரி ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த வாப்பா, ஒரு மாதிரி பூரித்துப்போய் இருந்தார். படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை வரச்சொல்லிவிட்டாராம். எங்கள் பொத்தான் நூல் கடையை அரை நாளோடு மூடிவிட்டார். வாப்பா கடையை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காரியம் நல்லபடி முடியக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவதற்கு உம்மா பக்கத்து வீட்டுப் பெண்களை அஸர் தொழுகைக்குப் பிறகு வரச்சொல்லியிருந்தார். வீட்டில் இருந்ததே இரண்டு அறை. தொழுகிற அறையில்தான் அலமாரி. பெட்டியிலிருந்து எடுத்த படங்களை வாப்பா பூஞ்சை போகட்டும் என்று அந்த அலமாரி மேல் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். உம்மா அடுப்படியில் சேமியா கிண்டிக்கொண்டிருந்தார். ராத்தா விண்ணப்பத்தை ஏழாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் பதறிக்கொண்டிருந்த வீட்டில் உண்மையான ஆபத்து என் ஒருத்தி கண்ணுக்குத்தான் தெரிந்தது. அலமாரி மேல் ஒரு கூட்டமே முகத்தோடு நிற்கிறது. இந்த அறையில் ஓதி என்ன பயன்? மலக்குமார் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடுவார்களே. எங்கள் வேண்டுதலை, அந்தத் துவாவை, யார் எடுத்துக்கொண்டு போவது?

உம்மாவிடம் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் மறந்த காரியத்தைச் சொல்லாமல் செய்து முடித்தால் கிடைக்கும் நல்ல பெயரில் எனக்கு ஆசை இருந்தது. பேனா மை அந்த வழவழப்பான காகிதத்தில் ஒட்டவில்லை. வாப்பாவின் சவரப் பிளேடு அகப்பட்டது. லேசாகச் சுரண்டினால் கறுப்பு பொடியாக உதிர்ந்து அடியில் வெள்ளை தெரிந்தது. குடை பிடித்த சீமாட்டிகளின் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். படகுக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஒரு கைக்குழந்தை. தூரத்தில் எறும்பு மாதிரி தெரிந்தவர்களை விட்டுவிடலாமா என்று யோசித்து, மலக்குமாருக்குக் கண் கூர்மையாக இருக்கும் என்று அவர்களையும் முடித்தேன். மாடுகள் புல்லுக்குள் தலையைக் கவிழ்த்திருந்ததால் தப்பின. சிங்கங்கள்தான் குழப்பின. மரச் சிங்கத்துக்கு உயிர் கிடையாது, ஆனால் முகம் இருக்கிறது. எதற்கு வம்பு என்று அவற்றையும் சுரண்டினேன். பூட்டனாரைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர் என்பதால் ரொம்ப நிதானமாக, கோட்டிலும் தொப்பியிலும் ஒரு கீறல் படாமல் செய்தேன். பொடியை ஊதிவிட்டு, படங்களைப் பூட்டனார் அடியில் வரும்படி அடுக்கி, வாப்பா எடுத்துவைத்திருந்த உறைக்குள் போட்டு, நூலால் கட்டியும் வைத்தேன். குளித்து, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்த வாப்பா கட்டியிருந்த உறையைப் பார்த்து, "எம் புள்ளைக்குத்தான் என்ன பொறுப்பு" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ராத்தாவின் மடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வாப்பா அவளிடம் சொன்னார்.

"அவர் என்ன சொன்னார் தெரியுமா? பெயரை எவனும் எழுதிக்கலாம். முகம் பொய் சொல்லாது, சாயல் இருந்தா நான் மேலே எழுதறேன்னார். பாட்டனாரோட நெத்தி, பாட்டனாரோட மூக்கு, அப்படியே எனக்குத்தானே வந்திருக்கு."

ராத்தா சிரித்தாள். அன்றைக்கு வாப்பாவின் மூக்கு எவ்வளவு பெரியது என்பதை நானும் முதல் தடவையாகப் பார்த்தேன். இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பலாம், வேறு ஏதாவது யோசிக்கலாம். வாயைத் திறந்தேன். கருப்பஞ்சாறு வேண்டுமா என்று ராத்தா கேட்டாள். தலையாட்டினேன். சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளியாக இருந்ததற்கு இன்றுவரை எனக்கு என்மேல் கோபம் உண்டு.

ஆபீஸ் பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கடுமையானவராகத் தெரியவில்லை. வெற்றிலைக் காவி படிந்த பல், காதில் செருகிய பென்சில். பர்மியத்தில் ராத்தாதான் பேசினாள். வாப்பாவின் பர்மியம் பொத்தான் விற்கப் போதுமானது, அவ்வளவுதான். அதிகாரி நூலை அவிழ்த்தார். முதலில் மாடு மேய்ந்த படம். அதையே நெடுநேரம் பார்த்தார். நான் மாற்றி அடுக்கியிருந்ததில் அடுத்ததாக வரிசை வீடுகள் இருந்த படம் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிளை ஒடிந்த மரம் இரண்டிலும் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். "இதே இடமா? இவ்வளவு சீக்கிரமா?" என்று கேட்டார். தன் வீட்டையும் போன வருஷம் ரோட்டுக்காக இடித்துவிட்டார்கள் என்று ராத்தாவிடம் சொன்னார். வாப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கோ ஒரே வேண்டுதல்தான். இந்த மனிதர் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும், ஆபீஸ் மூடுகிறவரை பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அவர் அடுத்த படத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு ஒவ்வொன்றாக வேகவேகமாகப் புரட்டிக் கடைசிப் படத்துக்கு வந்தார். பர்மா மண்டபத்துப் படியில் கோட்டும் லுங்கியும் தொப்பியுமாக நின்றவருக்குத் தொப்பிக்குக் கீழே வெள்ளையாக ஒரு ஓட்டை இருந்தது.

"இது யார்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

ராத்தா படத்தை எட்டிப் பார்த்தாள். அதிகாரி அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேறு யாருடைய படத்தையோ கொண்டுவந்து, ஆள் தெரியாமலிருக்க முகத்தைச் சுரண்டி, சந்தேகம் வராமலிருக்க மற்றதையும் சுரண்டியிருக்கிறீர்களா என்றார். பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை தெரியுமா என்றார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து நின்றார். வாப்பா படத்தைக் கையில் வாங்கினார். பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதுவே போதுமாக இருந்தது.

அதுவரை வாய் திறக்காத வாப்பா, தன் பொத்தான் கடைப் பர்மியத்திலேயே சொன்னார். "நான்தான் சுரண்டினேன், ஸயாஜி."

தொழுகிற இடத்தில் முகம் இருக்கக்கூடாது, எங்கள் வழக்கம் அது, நேற்று வீட்டில் ஓதினோம் என்று திக்கித் திக்கி விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். முகம்தான் உன் சாட்சி என்று நான் நேற்றுச் சொன்னேன், அந்த முகத்தை நேற்றே நீ சுரண்டுவாயா? அதற்கான பதில் வாப்பாவுக்குப் பின்னால் ராத்தாவின் தாவணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இவள் குழந்தை, இவள் செய்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருப்பாரோ என்னவோ. வாப்பா சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று பயந்தாரா, இல்லை, அவ்வளவு யோசிக்க நேரமே இல்லையா, எனக்குத் தெரியாது.

அதிகாரி அதற்குப் பிறகு ராத்தாவிடம் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். இந்தப் படங்கள் இங்கே வரவே இல்லை என்று வைத்துக்கொள்வதாகச் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. ராத்தா அந்தப் புதுக் காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். வாப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து போடுங்க வாப்பா, நேரமாகுது" என்றாள் அவள். அவர் போட்ட பிறகு தானும் போட்டாள். அழகாகப் போடவேண்டும் என்றுதான் இவ்வளவு யோசித்தாள் என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. உம்மா கேட்டதற்கு, காரியம் முடிந்தது, அட்டை வரும் என்றார் வாப்பா. படங்களைத் தானே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அடித்திருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

சில மாதங்கள் கழித்து அட்டைகள் வந்தன. பச்சை நிறம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். இளஞ்சிவப்பு வரும் என்றல்லவா எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்? பள்ளிவாசல் கதவின் பச்சை, உம்மாவின் குர்ஆன் உறையின் பச்சை வந்திருக்கிறது. இனி எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு மலக்குமார் உள்ளே வந்திருக்கிறார்கள். நான் செய்தது தப்பே இல்லை. ராத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சுரண்டியது நான்தான், அதனால்தான் உனக்குப் பச்சை அட்டை கிடைத்தது என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா? அப்ப உனக்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கேன்" என்றாள் ராத்தா.

அவள் அந்த வருஷம் டாக்டர் படிப்பில் சேரவில்லை, சரித்திரம் படித்தாள். ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று சொன்னாள், நானும் நம்பினேன். பச்சை என்பது மனுப்போட்டுப் பின்னால் குடிமகனானவர்களுக்கு, அன்றைக்கு ராத்தா கையெழுத்துப் போட்டது அந்த மனுவில்தான், பச்சை அட்டைக்காரர்களுக்கு அந்தப் படிப்பு கிடையாது என்பதெல்லாம் எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரியவந்தது. அதுவரை ஏழு வருஷம், வீட்டுக்கு யார் வந்தாலும் ராத்தாவை உட்காரவைத்துக்கொண்டு, இவளுக்கு அட்டை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்று அந்தக் கதையைச் சொல்லுவேன். எங்காவது விட்டுப்போனால் அவளே எடுத்துக் கொடுப்பாள்.