யாரோ ஒருவருடைய கல்லறை

பினாங்கில் தியோ பூன் சியூவுக்கு வராத பேச்சு கிடையாது. வீட்டிலும் மீன் கடையிலும் ஹொக்கியன் சீனம், அரசாங்க அலுவலகத்தில் மலாய், வேலை பார்த்த வங்கியில் ஆங்கிலம், ஆட்டிறைச்சிக் கடையில் பேரம் பேசுமளவுக்குத் தமிழ். சீன எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. அப்பா அவரை ஆங்கிலப் பள்ளிக்கும் அக்கா சுவீ லானைச் சீனப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டார். "போடா வாழப்பழம், வெளிய மஞ்சள், உள்ள வெள்ளைக்காரன்" என்று அக்கா வாரிக்கொண்டே இருப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒவ்வொரு ஏப்ரலிலும், சீனர்கள் முன்னோரைக் கும்பிடும் செங் பெங் நாளன்று, அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய, அக்கா பின்னால் பை தூக்கிக்கொண்டு போவார். அக்காவுக்குப் பார்வை போனபின் மூன்று வருஷமாகத் தனியாகப் போனார். நாவல் மரத்திலிருந்து வரிசையை எண்ணி நிற்பார். புல்லை வெட்டி, கல்லில் செதுக்கிய பெயருக்குச் சிவப்புச் சாயம் தீட்டி, ஆரஞ்சு படைத்து, அக்காவை அழைத்து, கைபேசியைக் கல்லருகே நீட்டுவார். வீட்டு நடப்பையெல்லாம் ஒப்பித்துவிட்டு அவள் முடிப்பாள்: "தம்பி வந்திருக்கான்ப்பா. உங்கள நல்லா பாத்துக்கறான்."

அறுபத்து மூன்று வயதில், சீன எழுத்துக் கற்க மாண்டரின் வகுப்பில் சேர்ந்தார். அப்பா பெயரை எழுதி வரச் சொன்னாள் டீச்சர். அப்பாவின் பழைய சீனச் சங்க உறுப்பினர் அட்டையைப் பார்த்து எழுதியதோடு, பெருமை தாங்காமல் கல்லறைப் படத்தையும் காட்டினார். டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், இது வேற யாரோ லா."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. அதற்குப்பின் அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவே கூசினார்.

இந்த ஏப்ரலில் அப்பா பெயர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கல் கல்லாகப் பார்த்தார். நான்கு வரிசை மேலே, இடுப்பளவு புல்லுக்குள், சாயம் அடியோடு போன கல்லில் அந்த மூன்று எழுத்தும் இருந்தன. அக்காவை அழைத்தார்.

"அக்கா... மூணு வருஷமா யாரோ ஒருத்தர்கிட்ட உன்னப் பேச வச்சிட்டேன்."



"இப்ப எதிர்ல இருக்கறது யாரு? வாசி."

"ஜாங் யொங்ஃபூ." வகுப்பில் படித்த மாண்டரின் உச்சரிப்பில் வாசித்தார்.

"அப்பாவ அப்படி யாருடா கூப்பிட்டா? நம்ம ஹொக்கியன்ல சொல்லு."

"தியோ எங் ஹொக்."

"கிட்ட வை."

அவர் புல்லில் மண்டியிட்டுக் கைபேசியை நீட்டினார். மூன்று வருஷத்து நடப்பையும் அக்கா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவள் கண்ணில் நடந்த அறுவை சிகிச்சை, இறந்துபோன சித்தி, பேரனுக்குக் கல்யாணம், ஒன்றையும் விடவில்லை. வெயில் பிடரியைச் சுட்டது. கை வலித்தும் அவர் மாற்றிப் பிடிக்கவில்லை. கடைசியில் அக்காவின் குரல் இறங்கியது.

"தம்பி இன்னிக்குத்தான்ப்பா வந்திருக்கான்."