அண்ணன் பெயரில் இருந்த பைத்தான்

காலையில் ஆபீஸ் திறந்ததும் படப்பையிலிருந்து போன். ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஸ்டோர் கீப்பர்.

"இன்னா மேடம், உங்க சாஃப்ட்வேர் எழுந்துக்கவே மாட்டேங்குது? வாசல்ல லாரி நிக்குது. பில் இல்லாம கேட்டைத் தாண்டாது."

முந்தின நாள் அந்தக் கம்பெனி சர்வரில் நான் செய்தது ஒரே வேலை. என் கூடப்பிறந்த ரஃபி அண்ணனின் யூசரை, அதாவது லாகின் கணக்கை, அழித்தேன். வேலையை விட்டுப் போனவர்களின் யூசரை எல்லா கஸ்டமர் சர்வரிலும் எடுத்துவிடுவது எங்கள் சேலையூர் ஆபீஸ் வழக்கம். அண்ணன் வேலையை விட்டுப் போகவில்லை. பைக் விபத்தில் இறந்துபோனான். நாற்பதாம் நாள் பாத்திஹா கூட ஆகவில்லை. முதலாளி சார் என் முகத்தைப் பார்க்காமல், "ரஃபியோடதையும் எடுத்துடும்மா" என்றார். எடுத்தேன்.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். சிடி போட்டு இன்ஸ்டால் செய்வது என் வேலை. எங்கள் சாஃப்ட்வேர் ஓடுவது பைத்தான் மொழியில்; சர்வரோடு வரும் பைத்தான் பழசு. அதில் கை வைத்தால், சர்வரில் மற்றதை இன்ஸ்டால் செய்யும் yum படுத்துவிடும். அதனால் எங்கள் சாஃப்ட்வேருக்கென்று புது பைத்தானைத் தனியாக பில்ட் செய்து, ஆர்பிஎம் என்ற இன்ஸ்டால் பொட்டலமாக ஆக்கித் தந்தவன் அண்ணன்.

பக்கத்து சீட் பிரகாஷ் அண்ணா எட்டிப் பார்த்தார். "userdel-ல -r போட்டியா? போச்சு போ. அந்த மகராசன் பைத்தானையே தன் யூசர் ஃபோல்டர் /home/rafi உள்ளதான் வெச்சிருந்தான். ஃபோல்டரோட போயிருக்கும்."

அதே ஆர்பிஎம்மை மறுபடி போட்டோம். பில் வந்தது. லாரி கிளம்பியது. ஆனால் ls அடித்து ஃபோல்டர்களைப் பார்த்தபோது /home/rafi திரும்ப வந்திருந்தது. ஆள் இல்லை, யூசரும் இல்லை, ஃபோல்டர் மட்டும் இருக்கிறது. சந்தோஷமா பயமா, எனக்கே புரியவில்லை.

சார், "எல்லாத்தையும் பொது ஃபோல்டர் /opt-க்கு மாத்திடும்மா" என்றார்.

"ஓடுதுல்ல சார். இப்படியே இருக்கட்டுமே."

அவர் தன் அறைக்குள் போய்விட்டார். சாயங்காலம் ஸ்டோர் கீப்பர்தான் மறுபடி போன் செய்தார். "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா என்னை அனுப்பிடுவாங்க மேடம். வூட்ல சின்னப் பசங்க கீது."

அதற்கு மேல் என்னால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

டெஸ்ட் மெஷினில் ஃபோல்டரை அப்படியே /opt-க்கு நகர்த்திப் பார்த்தேன். பைத்தான் தன் லைப்ரரியைக் காணவில்லை என்றது. கண் முன்னால்தான் இருக்கிறது, ஏன் காணவில்லை என்கிறது?

"கம்பைல் பண்றப்பவே அந்தப் பாதை உள்ள உக்காந்துரும்மா," என்றார் பிரகாஷ் அண்ணா. "எங்க தூக்கி வெச்சாலும் /home/rafi-யதான் தேடும். திரும்ப பில்ட் பண்ணு."

நானும் அப்படித்தான் இருந்தேன். பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணன் எழுதிய spec ஃபைலில், பைத்தான் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் prefix-ஐ மட்டும் /opt என்று மாற்றினேன். முதல் பில்டில் zlib என்ற துணை லைப்ரரி சேரவில்லை. zlib-devel போட்டுத் திரும்ப ஓட்டினேன். சர்வரின் பழைய பைத்தானை மிதித்துவிடாமல் இருக்க, make install இல்லை, make altinstall கொடுத்தேன். மறுநாள் பஸ்ஸில் படப்பை போய்ப் புதியதைப் போட்டேன், ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் பாதையை மாற்றினேன், பில் அடித்துப் பார்த்தேன். பிறகு rpm -e கொடுத்து அண்ணனுடையதை எடுத்தேன். எண்டர் தட்டத்தான் நேரமானது.

"ஆச்சா மேடம்?"

"ஆச்சுண்ணா."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பில்ட் செய்யும்போது prefix-ல் உங்கள் பெயரை வைக்காதீர்கள். பின்னால் அதை யாராவது எடுக்க வேண்டியிருக்கும். நான் எடுத்ததற்கு அண்ணன் "சபாஷ்" என்பானா, மண்டையில் தட்டுவானா? இன்னும் தெரியவில்லை.