திருகாணி மேல் சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. அதைப் போட்டுவிட்டுக் குழம்பு கூட்டி இறக்கினாலும் திரையில் ஒன்றும் வராது. ரேம் கூட்டினால் போதுமா, புதிதாகவே வாங்க வேண்டுமா என்று கேட்க, பீடோங் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விட்டுவந்தேன். மறுநாள் போனபோது கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"தொறந்து நல்லாப் பாத்துட்டேன்க்கா. உள்ள எல்லாம் போச்சு. புதுசு வாங்கிருங்க லா."

மனசே இல்லாமல் பெட்டியைத் தூக்கப் போனேன். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அதற்குச் சந்தனம் வைப்பேன். திரையில் கறை படியக் கூடாதென்று, பெட்டியின் பின்பக்கத் திருகாணிகளின் மேல்தான் வைப்பேன். இந்த வருடப் பொட்டுகள் காய்ந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொட்டு கலையாம எப்படித் தம்பி தொறந்தீங்க?"

அவர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பொட்டைத் துடைக்க வந்தார்! கையைத் தட்டிவிட்டு, பெட்டியைக் காரில் ஏற்றிக் அடுத்த ஊரான குருணுக்குப் போனேன். அங்கிருந்த கடைக்காரர் என் கண்ணெதிரே சந்தனத்தைச் சுரண்டித் திறந்தார். ரேம் கூட்டிக் கொடுத்தார்.

உள்ளே எல்லாம் போய்விட்ட அந்தப் பெட்டியில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.