இரண்டாவது மிதி

இது நிஜமாக நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தங்கையன் திருவனந்தபுரத்தில் பதினாறு வருஷம் கார் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர். பேய் என்றால் வாய்விட்டுச் சிரித்தவர். இந்தக் கதையில் அவருக்குப் பெருமை தரும்படி ஒரு வரிகூட இல்லை. பொய் சொல்கிறவன் தன் முகத்தில் தானே கரியைப் பூசிக்கொள்வானா? அதனால்தான் நம்பச் சொல்கிறேன்.

அவருடைய முதலாளி டாக்டர் குற்றாலலிங்கம். புத்தன்சந்தையில் வீடு. வியாழக்கிழமைதோறும் போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் போய்வருவார். எதையும் எழுதிவைக்க வேண்டும் என்கிற மனிதர். நோயாளியின் கட்டிலில் தொங்குகிற அட்டை மாதிரி, காருக்கும் கொட்டகைச் சுவரில் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். தண்ணீர், என்ஜின் எண்ணெய், பிரேக், டயர், பாட்டரி, விளக்கு. காலை ஆறு மணிக்குள் டிரைவர் ஒவ்வொன்றையும் பார்த்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் முடிந்தால் அட்டை டாக்டரின் அலமாரிக்குப் போய்விடும்.

முதல் ஒரு வருஷம் தங்கையன் பார்த்துத்தான் எழுதினார். பிறகு எழுதிவிட்டுப் பார்த்தார். அதற்கும் பிறகு எழுதுவதோடு சரி. கெட்டிக்கார டிரைவர் என்று ஊரில் பெயர் எடுத்தாயிற்று, அப்புறம் எதற்காகக் காருக்கடியில் மல்லாந்து படுப்பது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, புரட்டாசி மாதம். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் கசிந்திருந்தது. தொட்டு முகர்ந்தார். பிரேக் எண்ணெய். துணியால் துடைத்தார். மறுநாளும் கசிந்தது, மறுநாளும் துடைத்தார். பிரேக்கை மிதித்தால் சில சமயம் முதல் மிதி பொதுக்கென்று அடிவரை இறங்கிற்று. காலை எடுத்து இன்னொரு தடவை மிதித்தால், அந்தப் பக்கத்துப் பேச்சில் சவிட்டினால், கெட்டியாகப் பிடித்தது. மூன்று நாளில் கால் அதைப் பழகிக்கொண்டது. கால் பழகின பிறகு அது கோளாறாகவே தெரியவில்லை.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால், "எப்போதிருந்து?" என்று அவர் கேட்பார். அட்டையில் வரிசையாக நிற்கிற 'சரி'களுக்கு என்ன பதில் சொல்வது? நேற்றைய பொய்யைக் காப்பாற்ற இன்றும் ஒரு 'சரி'. இப்படியே இருபத்துமூன்று நாள் ஓடிற்று.

இருபத்துமூன்றாம் நாள் வியாழக்கிழமை. தங்கையனின் தங்கை மகளுக்குப் பாறசாலையில் கல்யாணம். அன்றைக்கு ஒரு நாள் வண்டி ஓட்டத் தாசையன் வந்தான். அதே சபைக்காரன், இவரைவிட எட்டு வயது இளையவன், 'அண்ணே அண்ணே' என்று உயிரை விடுகிறவன். சாவியை வாங்கும்போது கேட்டான். மணி ஐந்து ஐம்பது.

"அண்ணே, வண்டியில வல்லதும் கோளாறு உண்டுமா?"

"ஒண்ணும் இல்ல தாசா. கார்டப் பாரு."

தாசையன் அட்டையைப் பார்த்தான். அன்றைய தேதியிலும் பிரேக்குக்கு நேராக 'சரி' இருந்தது. சிரித்துக்கொண்டே ஏறினான்.

காலையில் மலையேறும்போது பிரேக் ஒரு தடவையும் ஏமாற்றவில்லை. டாக்டரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அடிவாரத்து விதுராவுக்கு பஸ்ஸில் வந்திருந்த மருந்துப் பெட்டியை எடுக்கப் பிற்பகலில் தனியாக இறங்கினான். ஏழாவது வளைவில் வண்டி பள்ளத்து ஓடையில் பாய்ந்தது. காரிலிருந்த கடிகாரம் மூன்று முப்பத்திரண்டில் நின்றுபோயிருந்தது.

குழாய்களெல்லாம் நசுங்கிக் கிடந்ததால் எது முன்னமே கெட்டிருந்தது, எது விழுந்ததில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போலீஸ் கேட்டபோது டாக்டர் அட்டையைக் காட்டினார். வண்டியில் குற்றம் இல்லை. அப்படியானால் ஓட்டினவனிடம் குற்றம். குடித்திருப்பான் என்றார்கள். ஒரு மாதத்தில் அதுவே உண்மையாகிவிட்டது. கள்ளுக்கடை இருக்கிற தெருவழியாகக்கூடப் போகாதவன் தாசையன். அவன் மனைவி எலிசாள் சபையில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். தங்கையன் முன் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மென்று முழுங்கிக்கொண்டு பாட்டுப் பாடினார்.

யுத்த காலம். புதுக் கார் கிடைக்காது. உடைந்த வண்டியையே பட்டறைக்கார ஐயப்பன் பத்து மாதம் எடுத்து, நின்றுபோன கடிகாரம் முதற்கொண்டு சீர்படுத்திக் கொடுத்தான். தங்கையன் மறுபடி அதே ஸ்டியரிங்கைப் பிடித்தார். இப்போது தினமும் காருக்கடியில் படுத்து, ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் 'சரி' எழுதினார். எழுதும்போதெல்லாம் கை கூசிற்று.

நாற்பத்தொன்று, ஐப்பசி மாத முதல் வியாழன். அன்றும் மருந்துப் பெட்டி. அன்றும் தனியாகத்தான் இறங்கினார். பட்டப்பகல்தான், ஆனால் மஞ்சு இறங்கி ரோடு பாதி மறைந்துவிட்டது. ஏழாவது வளைவு வந்தது.

டப்.

காலடியில் சத்தம். குனிந்து பார்த்தார். பிரேக் மிதி அடிவரை இறங்கியிருந்தது. அவருடைய கால் அதன் மேல் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிதி மெதுவாக மேலே வந்தது. கடிகாரத்தில் மூன்று முப்பத்திரண்டு.

மறுநாள் காலையில் வண்டியை ஐயப்பனிடம் கொண்டுபோனார். ஐயப்பன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"லைனிங் புதுசு, பைப் புதுசு. பிரேக்கு கல்லு மாதிரியாக்கும் நிக்குது அண்ணே."

"மிதி?"

"அது மட்டும் பழசு. சண்டைக் காலத்துல புதுசு எங்க கிட்டும்? வளைஞ்சத நிமிர்த்தி வச்சேன்." சற்றுக் குரலைத் தாழ்த்தினான். "அவன் கால் அதுல அமுக்கினபடியே இறுகிப் போச்சு. எடுக்க நாலாளு வேண்டிவந்தது. விழுந்தப்பவும் காலத் தூக்கல்ல, கேட்டேளா? ஒரே அமுக்கு."

ஒரே அமுக்கு. நல்ல பிரேக்கைப் பிடிக்கிறவன் அப்படித்தான் பிடிப்பான். மிதி இறங்கிவிட்டால் இன்னும் பலமாக அமுக்குவான். காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒருவருக்குத்தான் அது தெரியும். அந்த ஒருவர் பாறசாலையில் கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பட்டறையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். என்னிடம் இதைச் சொல்லும்போதுதான் அவர் தலை ரொம்பக் குனிந்தது.

அடுத்த வியாழன். தாசையன் செத்து ஒரு வருஷம் முடிகிற வாரம்.

மூன்று இருபதுக்குத் தோட்டத்தை விட்டுக் கிளம்பினார். மஞ்சு போன வாரத்தைவிட அடர்த்தி. கண்ணாடியை ஏற்றிவிட்டார். உள்ளே ஈரக் காக்கித் துணியின் வாசனை அடித்தது. அவருடைய சட்டை காய்ந்துதான் இருந்தது.

முதல் வளைவில் பிரேக் பிடித்தார். நல்ல பிரேக். கல்லு மாதிரி.

மூன்று இருபத்தைந்து. இரண்டாவது வளைவு தாண்டியதும்... டப்.

காலை இழுத்துக்கொண்டார். மிதி கீழே போய், மேலே வந்தது.

மூன்றாவது வளைவு... டப்.

நாலாவது... டப்.

ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். இரண்டாவது சத்தம் வரவே இல்லை. யாரோ மிதித்துப் பார்த்து, காத்திருந்து, மறுபடி அடுத்த வளைவில் மிதிக்கிற மாதிரி.

ஜெபம் சொல்ல வாயெடுத்தார். முதல் வரி முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

ஐந்து... ஆறு...

மூன்று முப்பத்தொன்று.

இறக்கம் செங்குத்தாயிற்று. டப் என்று மிதி இறங்கிற்று.

மேலே வரவில்லை.

வண்டி வேகம் எடுத்தது. ஏழாவது வளைவின் வெள்ளைக் கல் மஞ்சுக்குள் தெரிந்தது. கையால் இழுக்கிற பிரேக்கை இழுத்தார். நிற்கவில்லை. வலது காலை ஓங்கி மிதியின் மேல் வைத்தார்.

மிதியின் ரப்பர் இல்லை.

அவருடைய வெறும் பாதத்துக்குக் கீழே... இன்னொரு பாதம்.

விரல்கள் இருந்தன. நரம்பு இருந்தது. ஈரமாக, சில்லென்று. மிதியைத் தரையோடு தரையாக அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தாசா..."

பாதம் அசையவில்லை.

"தாசா! காலை எடுடே!"

கல் நெருங்கிற்று.

"ரெண்டு தடவ சவிட்டணும் தாசா! எடுத்துட்டு மறுபடியும் சவிட்டணும்! எனக்கு அறியும்... அன்னைக்கே அறியும்... ஒனக்குச் சொல்லல்ல! நான் சொல்லல்ல!"

காலடியில் குளிர் விலகிற்று.

மிதி மேலே எழும்பி அவர் பாதத்தில் தட்டிற்று. ரப்பர்தான்.

மிதித்தார்.

எடுத்தார். மிதித்தார்.

முன்சக்கரம் வெள்ளைக் கல்லை முட்டிக்கொண்டு நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் மஞ்சு மட்டும் இருந்தது. கடிகாரம் மூன்று முப்பத்திரண்டு. ஈர வாசனை போய்விட்டது. தங்கையன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதார். பயந்து அழவில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். கீழே இருந்தவன் கோபப்படவில்லையே, சொன்ன உடனே காலை எடுத்துவிட்டானே, அதற்காக அழுதாராம்.

மருந்துப் பெட்டியோடு திரும்பி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஈரச் சக்கரம், இரண்டு மிதி, 'கார்டப் பாரு' என்று சொன்னது. பாதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை நாள் பொய்ச் 'சரி' எழுதினே, தங்கையா?"

"இருபத்துமூணு நாள், ஐயா."

"அந்த அட்டையை நான்தானே போலீஸ்காரன் கையில கொடுத்தேன்?" டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். ஊர் போய்ச் சேர்ந்ததும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கையன் கரமனைக்கு நடந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எலிசாளின் வீடு. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"எலிசா, தாசன் குடிக்கல்ல. பிரேக்கு கெட்டிருந்தது எனக்கு அறியும். அவன் கேட்டான், நான் ஒண்ணும் இல்லண்ணு சொன்னேன். நாளைக்குச் சபையில எல்லாரு முன்னயும் எழும்பி நின்னு சொல்லப் போறேன். மொதல்ல ஒன்கிட்டச் சொல்லணும்."

அவள் ஏசுவாள், வாளியைத் தூக்கி எறிவாள் என்று தங்கையன் எதிர்பார்த்திருந்தார். எறிந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். எலிசாள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"அறியும் அண்ணே."

"யாரு சொன்னா? டாக்டரா?"

"டாக்டர் எங்க இங்க வந்தாரு?" கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்ட மணி அடிச்சு ஓய்ஞ்சது. பிள்ளைங்க இன்னும் ரோட்டுக்கு வரல்ல. நான் இந்தா, இங்கதான் நின்னேன். முதுகுக்குப் பொறத்தால அவரு வந்து நின்னாரு. சட்டையெல்லாம் நனைஞ்சிருந்தது."

அந்தப் பள்ளிக்கூடம் விடுவது மூன்றரை மணிக்கு என்பது தங்கையனுக்குத் தெரியும்.

"என்ன... என்ன சொன்னான்?"

எலிசாள் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சிரிச்சாரு அண்ணே. 'ரெண்டு தடவ சவிட்டணுமாம் எலிசா, இப்பத்தான் அண்ணன் சொல்லித் தந்தாரு'ண்ணு சொன்னாரு."