ஆடு தொடாத இலை

இலை பறிப்பதற்குச் சவுரிராயனிடம் ஒரு விதி இருந்தது. ஆடு வாய் வைக்காத இலையாக இருக்க வேண்டும். நொச்சி, எருக்கு, ஆடாதொடை, வேம்பு. முகையூர்ப் பக்கம் பயிர்ப் பூச்சிக்கு இலைக்கரைசல் போடுகிற எல்லோரும் சொல்வதுதான். அவர் அதைச் சொல்லோடு விடுவதில்லை. ஒவ்வொரு இலையையும் பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் ஆடுகளிடம் நீட்டிப் பார்ப்பார். அவை முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் அந்த இலை உரலுக்குப் போகும்.

காசியம்மாள் கணவரை இழந்தவர். மூன்று ஆடுகளும் ஒரு குட்டியும்தான் அவருக்குப் பிழைப்பு.

"எங்க ஆடு இன்னா உனுக்கு ஆபீசராண்ணா?" என்று கேலி செய்வார்.

"காசு வாங்காம கையெழுத்துப் போடுற ஆபீசர் இந்த ஊர்ல அது ஒண்ணுதாம்மா."

சவுரிராயன் பதினெட்டு வருஷம் கூலிக்குப் பூச்சிமருந்து அடித்தவர். ஒருநாள் கத்தரித் தோட்டத்தில் முதுகில் டேங்கோடு மயங்கி விழுந்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுத்துக் கிடந்து திரும்பியதும், கூடவே அடித்துக்கொண்டிருந்த அய்யப்பனிடம் டேங்கைக் கொடுத்துவிட்டு இலைப் பக்கம் வந்தார். எந்த இலைக்கு எந்தப் புழு சாகிறது, எத்தனை நாள் ஊற வேண்டும், எத்தனை பங்கு தண்ணீர் சேர்த்தால் பயிர் கருகாது என்பதையெல்லாம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி எழுதித் தானே கண்டுபிடித்தார். அப்போது ஊரில் அவரிடம் வாங்கியவர்கள் இரண்டே பேர்.

அந்தச் சித்திரையில் பைபாஸ் ரோட்டின் நடுவே வளர்ந்திருந்த அரளியை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு சாக்கு அள்ளி வந்தார். ஆடுகளிடம் நீட்டினார். மூன்றும் பின்வாங்கின. மற்ற இலைகளோடு அதையும் இடித்து, பீப்பாயில் போட்டு, மாட்டு மூத்திரம் ஊற்றி மூடினார். சீக்கிரம் புளிக்கட்டும் என்று முதல்முறையாக வெல்லமும் கரைத்துச் சேர்த்தார். பன்னிரண்டாம் நாள் பழைய புடவையில் வடிகட்டி, சக்கையை வழக்கம்போலக் தன் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினார்.

மறுநாள் காலையில் அந்தச் சக்கை பாதிதான் இருந்தது. சுற்றிலும் ஆட்டுக் குளம்புகள். எட்டிப் பார்த்தபோது, அடுத்த கொல்லையின் வரப்போரம் மூன்று ஆடுகளும் கால் விறைத்துக் கிடந்தன.

ஆடு வெறுத்தது பச்சை இலையை. உப்பும் இனிப்பும் ஊறிய சக்கையை அவர் அதனிடம் நீட்டிப் பார்த்ததே இல்லை.

மண்வெட்டியை எடுத்து மீதிச் சக்கையின் மேல் மண்ணை இழுத்து மூடினார். எதற்காக மூடினோம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறார். மூடி முடிப்பதற்குள் வரப்பில் காசியம்மாளின் குரல் கேட்டது. முந்தின சாயங்காலம் அந்தக் கொல்லை மல்லாட்டைச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்தவன் அய்யப்பன். அவன் ஓடி வந்து நின்றான். காசியம்மாள் மண்ணை வாரி அவன் மேல் தூற்றி, நீ நல்லா இருப்பியா என்று சபித்தார்.

"காத்து இந்தப் பக்கம்தான் அடிச்சிது. நான் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

சவுரிராயன் ஆளோடு ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் அய்யப்பன் டேங்கை விற்றுவிட்டுத் திண்டிவனத்தில் ஓர் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். ஆடுகள் செத்ததைப் பார்த்துப் பயந்த ஊர் இலைக்கரைசலுக்கு வந்தது. ஒரு பீப்பாய் ஏழானது. அரளியை அவர் அதோடு விட்டுவிட்டார், வெல்லத்தையும் விட்டுவிட்டார். சக்கையை இடுப்பளவு குழியில் போட்டு மூடினார். வாங்க வந்தவர்கள் இது ஆட்டைக் கொல்லாத மருந்து என்று அவர் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள்.

செத்த தாயின் மணியைக் காசியம்மாள் குட்டியின் கழுத்தில் கட்டினார். அது வளர்ந்து தினமும் கொட்டகைக்குப் பின்னால் வந்து, அந்தப் பழைய இடத்தில் மண்ணை முகரும். சவுரிராயன் முள் வெட்டிப் போட்டுப் பார்த்தார். முள்ளைச் சுற்றி வந்தது. போகப் போக, அது காசியம்மாள் வீட்டு முளையில் கட்டிக் கிடக்கும்போதும் அவருக்கு மணி கேட்டது. இடிப்பதை நிறுத்திக் காது கொடுப்பார். ஒன்றும் இருக்காது. மறுபடி உலக்கையைத் தூக்கினால் கேட்கும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், வடிகட்டிக்கொண்டிருந்தபோது மணி மிக அருகில் கேட்டது. பிரமைதான் என்று அவர் திரும்பவில்லை. வடிகட்டி முடித்துத் திரும்பியபோது ஆடு பீப்பாயின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. கழியை எறிந்து விரட்டினார்.

தேடி வந்த காசியம்மாள் சிரித்தார். "உடுண்ணா. இலைதான, நக்கிட்டுப் போவட்டும். அய்யப்பன் அடிச்ச வெஷமா இன்னா?"

"அய்யப்பன் அடிச்சதில்லம்மா. என் சக்கையத் தின்னுதான் செத்துச்சி."

காசியம்மாள் ஆட்டின் கயிற்றை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். எப்போது தெரியும் என்று கேட்டார். அன்றைக்குக் காலையிலேயே என்றார் அவர்.

"ஆடு கெடக்கட்டும் உடு. அவன் மேல மண்ண வாரித் தூத்தினேனே. அத யாருண்ணா திருப்பி எடுக்கறது?"

மறுநாள் அவர் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார். சாப்பாட்டு நேரம். அய்யப்பன் அவரை மில்லுக்கு எதிரே இருந்த ஓட்டலுக்குக் கூட்டிப் போனான். இலை போட்டதும் சவுரிராயன் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் இல்லியாண்ணா?" என்று கேட்டான்.

"நீ இல்லப்பா."

இலையில் தண்ணீர் தெளித்தான். மறுபடியும் அதையே கேட்டான். மறுபடியும் சொன்னார்.

அவன் எழுந்து போனான். சோப்பு போட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவி வந்து உட்கார்ந்தான். சோற்றில் கை வைப்பதற்கு முன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். சவுரிராயன் பார்ப்பதைக் கண்டதும் கையை இறக்கினான்.

"மருந்து வாடை பாத்துப் பாத்துப் பழக்கமாயிடிச்சிண்ணா" என்றான். "நீங்க சாப்புடுங்க."