லிடா ஸ்தானெக்கின் இடைப்படங்கள்

லிடாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் கை தன் அண்ணனுடைய குப்பைக்கூடைக்குள் இருந்தது. முப்பத்தொன்பதாம் வருஷம், லாஸ் ஏஞ்சலிஸில் எங்கள் கார்ட்டூன் ஸ்டுடியோவின் பென்சில் கூடம். சாப்பாட்டு நேரம், வேறு யாரும் இல்லை. கையில், பென்சில் படங்களுக்கு மை தீட்டும் பெண்கள் போடும் வெள்ளைக் கையுறை. அவர்களுக்கு இந்தக் கட்டடத்தில் வேலையே கிடையாது.

“என்னம்மா தேடுற?”

“பென்சில் விழுந்துடுச்சு.”

“குப்பைக்குள்ளயா?”

“ஏன், நீங்க போலீஸா?” கசங்கிய தாள்களைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நெப்ராஸ்கா சோளக்காட்டுக்காரன் மகன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதைக் காட்டித்தான் இந்தக் கூடத்தில் நாற்காலி பிடித்தேன். மாட்டுச் சந்தையில் ஆள் முகம் பார்த்து வளர்ந்தவனுக்கு அவள் பதில் ஒட்டவில்லை. வேறு ஸ்டுடியோவுக்குப் படம் கடத்துகிறாளோ?

அவள் அண்ணன் ஓர்வில் மீதும் கூடத்தில் எல்லாருக்கும் சந்தேகம்தான். பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டுவிட்டு வந்தவன். அவன் வரைந்த பெண்கள் திரையில் உயிரோடு நடந்தார்கள். ஆனால் மேசையில், முதலில் போட்டுப் பார்க்கும் கிறுக்கல் தாள் ஒன்றுகூட இருக்காது. எங்கள் தொழிலில் கிறுக்கல் கட்டுதான் சாட்சி. அது இல்லையென்றால், நிஜ ஆளைப் படம்பிடித்து அதன்மேல் தாளை வைத்து இழுத்தது என்றே முடிவு. நிரூபணமானால் வேலை போகும்.

ஒருநாள் மேற்பார்வையாளர் ஹெய்ன்ஸ் எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்தார்.

“பால்காரி வாளியைத் தூக்குறா. இங்கயே போடு, பாப்போம்.”

ஓர்வில் போட்ட முதல் படமும் கடைசிப் படமும் சட்டம் போட்டு மாட்டலாம்போல இருந்தன. இரண்டுக்கும் நடுவே அசைவைக் காட்டும் இடைப்படங்களையும் வரைந்ததும் ஹெய்ன்ஸ் தாள்களை வேகமாகப் புரட்டினார். பால்காரி பலூன் மாதிரி மிதந்து எழுந்தாள்.

“வாளியில பால் இருக்கா, காத்து இருக்கா?” கூடமே சிரித்தது. “அப்ப இத்தனை நாளும் ஃபிலிமைப் பாத்துத்தான் இழுத்திருக்க.”

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். லிடா ஓடி வந்தாள்.

“ஃபிலிம் இல்ல சார். அண்ணன் முதலும் கடைசியும் போடுவாரு. நடுவுல எல்லாம் நான்.”

“மை தீட்டுற பொண்ணு நீயா? யாருகிட்ட கதை விடுற?”

கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். “பத்திரிகைக் கதைக்கு ஒரே படம்தானே சார்? முன்னால நடந்தது, இனி நடக்கப்போறது, ரெண்டும் அதுக்குள்ள வந்தாகணும். அண்ணன் போட்டதப் பாருங்க. இடுப்பு திரும்பிடுச்சு, பாவாடை இன்னும் திரும்பல. நான் அதைப் பிரிச்சுப் போடுறேன், அவ்வளவுதான்.”

அவள் வரைந்ததைப் புரட்டினார்கள். பால்காரி முதலில் கீழே அமுங்கினாள். கை இழுபட்டு நீண்டது, வாளி தரையை விடவில்லை. பிறகு வெடுக்கென்று எழுந்தாள். பாவாடை கடைசியாக வந்து சேர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த என் தோளே ஒரு பக்கம் இறங்கியது.

ஹெய்ன்ஸ் அப்போதும் நம்பவில்லை. “கிறுக்கல் எங்க?”

“என் கோடு வேற மாதிரி சார். ராத்திரி நான் போட்டுத் தர்றதை அண்ணன் தன் கோட்டுல இழுத்துட்டுக் கூடையில போட்டுடுவாரு. யாராவது பாத்தா மாட்டிப்போம்னு குப்பையிலேருந்து நான்தான் எடுத்துட்டுப் போவேன். வீட்டுல மூட்டையா கிடக்கு.”

“கொண்டா, பாக்கலாம்.”

மூட்டை வந்தது. ஒவ்வொரு தாளையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். கோடு அவளுடையதுதான். அடுத்தவர் வரைந்ததைத் தன்னுடையது என்று கொடுத்ததற்காக ஓர்விலை அன்றே வேலையை விட்டு அனுப்பினார். லிடாவை அனுப்பினால் போட்டி ஸ்டுடியோக்காரன் கொத்திக்கொண்டு போவான் என்று அவருக்கு ஒரு சந்தேகம், அதனால் வைத்துக்கொண்டார்.

இப்போது ஓர்வில் சிகாகோவில் ஒரு பத்திரிகைக்குப் படம் போடுகிறான். லிடா, ஹெய்ன்ஸ் எந்நேரமும் பார்க்கும்படி அவர் அறைக் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிர் மேசையில் இடைப்படங்கள் வரைகிறாள். திரையில் அவள் பெயர் இன்னும் வருவதில்லை.