பதினேழாம் நம்பர் மாணவி

சாப்பாட்டு மேசைக்கு அடியில் டெய்லரம்மாவின் வலது கால் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. முன்பாதம் மெல்ல அழுந்துகிறது, நிற்கிறது, பிறகு குதிகால் சட்டென்று பின்னால் சாய்கிறது. மேலே கை பாட்டுக்குச் சாப்பிடுகிறது. வாய் பாட்டுக்கு, தண்ணீர் மோட்டாரை ஏன் இன்னும் ஆள் வைத்துப் பார்க்கவில்லை என்று மகனைக் கேட்கிறது. கால் மட்டும் தனியாக ஒரு வகுப்பு நடத்துகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொள்வார். கீழே வைத்தால் அது மேசை விளிம்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடும். "இன்னும் எத்தனை ஜோடி பாக்கி?" என்று அவர் கேட்டால், "பேசாம சாப்பிடுங்க, வளைவுல இருக்கேன்" என்று பதில் வரும்.

வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடம் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்தவர். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் தைத்த சீருடையில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். வேலை குறைந்தது, வாடிக்கை போனது என்ற கதையெல்லாம் இல்லை. அவருக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். தைத்து வாங்கிப் போனவர்கள் பத்தாம் நாள் திரும்பி வந்து, உடம்பு போட்டதை ஒத்துக்கொள்ளாமல், "அளவு தப்பிடுச்சு போல, கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க" என்று நிற்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை இனிமேல் காதில் வாங்குவதில்லை என்று அவர் முடிவு செய்தார். "ஷூ கடிச்சா கடைக்குப் போய்ச் சண்டை போடுவாங்க. தைச்சவ வீட்டைத் தேடியா வரப்போறாங்க?" என்பது அவர் கணக்கு.

ஷூ தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுவதற்கு மூன்று மாதப் பயிற்சி கொடுக்கிறார்கள், வயது பார்ப்பதில்லை என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது மருமகள்தான். ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன்னால் பசை தடவும் மேசையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, இப்போது அந்தப் பயிற்சிக் கூடத்துக்கே ஆசிரியையாக இருப்பவள் அவள். முதல் நாள் வருகைப் பதிவில் பெயர் கிடையாது, நம்பர்தான். "பதினேழு" என்று குனிந்தபடியே கூப்பிட்டாள். "இருக்கேன் மேடம்" என்று வந்த குரலைக் கேட்டு நிமிர்ந்தவளுக்குப் பேனா கையில் நிற்கவில்லை. காலையில் தன் தலையைப் பின்னிவிட்ட மாமியார், கழுத்தில் அடையாள அட்டையோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

அன்று மாலையே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. தொழிற்சாலை கேட் வரைக்கும் மாமியாரும் மருமகளும். கேட்டைத் தாண்டினால் மேடமும் பதினேழும். கேட் வரைக்கும் டெய்லரம்மா முன்னால் நடப்பார். பையை மருமகள் தூக்கி வருவாள். குக்கரில் தண்ணீர் அதிகம் வைத்ததைப் பற்றி வழிநெடுகப் பேச்சு நடக்கும். காவலாளியின் கூண்டு வந்ததும் பை கை மாறும். டெய்லரம்மா இரண்டடி பின்வாங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தையும் மாற்றிக்கொள்வார். மேடம் என்ற சொல்லை அவர் சொல்லும் விதத்தில் பணிவு ஒரு பங்கு, குறும்பு இரண்டு பங்கு. மருமகளுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்குவதே தனி வேலையாகிவிட்டது.

முதல் வாரம் முழுக்க நூலே கிடையாது. தோலும் கிடையாது. தாளில் அச்சடித்த கோடுகள்தான்: முதலில் நேர்கோடு, பிறகு மூலைகள், கடைசியில் சுருண்டு சுருண்டு உள்ளே போகும் ஒரு வளைவு. நூல் கோக்காத ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே துளை விழ வேண்டும். முடிந்ததும் மேடம் தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். துளை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரியும். கோட்டை விட்டு விலகியது எங்கேயும் ஒளிய முடியாது. டெய்லரம்மாவுக்கு இது அவமானமாக இருந்தது. "இருபத்திரண்டு வருஷம் தைச்சவளை உட்கார வச்சுப் பேப்பர்ல ஓட்டை போடச் சொல்றாங்க" என்று பக்கத்து மெஷின் பெண்ணிடம் முணுமுணுத்தார். அந்தப் பெண் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள், வாழ்க்கையில் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. அவள் தாளில் தப்பு இரண்டு. டெய்லரம்மாவின் தாளில் ஆறு.

அந்த ஆறு அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் முதல் வீட்டுக்கு வரும் நாளிதழ் தப்பவில்லை. பத்திகளுக்கு நடுவே இருக்கும் கோடுகளின் மேல், நூலைக் கழற்றிவிட்டுத் தன் பழைய மெஷினில் ஓட்டிப் பழகினார். கணவருக்கு விளையாட்டுப் பக்கம் சல்லடையாகத்தான் கிடைத்தது. அவர் அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. தோற்ற அணியின் செய்தியில் துளை அதிகமாக இருந்தால் நல்லது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கால் ஒரு வழியாகப் படிந்தது. கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தொழிற்சாலை மெஷினில் தட்டையான மேடை இல்லை. ஒரு குட்டைத் தூணின் உச்சியில் ஊசி இறங்குகிறது. ஷூவின் மேல்பாகத்தை, அங்கே அதற்கு அப்பர் என்று பெயர், தொப்பியைத் திருப்புவது போல அந்தத் தூணைச் சுற்றித் திருப்ப வேண்டும். குண்டூசி குத்தக் கூடாது, தைத்ததைப் பிரிக்கக் கூடாது. துணி ஊசித் துளையை மறந்துவிடும், நீவிவிட்டால் தெரியாது. தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். ஒன்றும் தெரியாமல் வந்த பெண்கள் எதையும் மறக்க வேண்டியதில்லை. அதனால் அவர்கள் மளமளவென்று முன்னே போனார்கள். டெய்லரம்மா முதலில் தன் கையோடு சண்டை போட்டு முடித்து, அப்புறம் மெஷினுக்கு வர வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய வம்பு, தையல் முடியும் இடம். துணி தைக்கிறவர்கள் கடைசியில் பின்னோக்கி நாலு தையல், முன்னோக்கி நாலு தையல் ஓட்டிக் கெட்டி பண்ணிவிட்டுத்தான் நூலை அறுப்பார்கள். தோலில் அப்படிச் செய்தால் அந்த இடத்தில் துளைமேல் துளை விழுந்து தோல் செத்துப்போகும். அடுத்த பிரிவில் அப்பரைக் கால் வடிவக் கட்டையின் மேல் மாட்டி இன்னொரு மெஷின் இழுக்கும்போது, அங்கேதான் வாய் பிளக்கும். நூல் முனையை உள்பக்கம் வாங்கி, முடிச்சுப் போட்டு, லைட்டரால் லேசாகச் சுட்டுவிடுவதுதான் முறை. இது டெய்லரம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். தையல் முடிகிறது என்று தெரிந்தால் போதும், அவர் வலது கை யாரையும் கேட்காமல் பின்தையல் லீவருக்குப் போய்விடும். "பதினேழு, கை" என்பாள் மேடம். "தெரியுது மேடம், அதுக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்பார். இரண்டாம் மாதக் கடைசியில் அந்தக் கையும் ஒருவாறு வழிக்கு வந்தது.

இப்போதெல்லாம் அவர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பது குறைந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் கண் நேராகத் தரைக்குப் போகும். எதிர்சீட்டுக்காரரின் ஷூவில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று உதட்டை அசைத்து எண்ணுவார். எண்ணப்படுகிறவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டால், இவரும் கொஞ்சம் சாய்வார். வீட்டுக்கு வந்த காப்பீட்டு ஏஜென்ட் கழற்றிப் போட்ட ஷூவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இந்தக் கம்பெனியை நம்பலாமா என்று கணவரிடம் தனியாகக் கேட்டார். மகனுக்கு இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. அவருக்கோ பல வருடத்துக்குப் பிறகு உலகம் புதிதாகிவிட்ட சந்தோஷம்.

மூன்றாம் மாத முடிவில் தேர்வு. ஒரு மணி நேரம், நாலு அப்பர், நாலும் சுத்தமாக இருக்க வேண்டும். தேறினால் மறுநாளே உற்பத்தி வரிசையில் சொந்த மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் ஆபரேட்டர் என்று எழுதிய பலகை. தவறினால் ஒரு மாதம் பசை மேசையில் உதவியாள், அதன் பிறகு மறுபடி தேர்வு. டெய்லரம்மாவுக்கு அந்தப் பலகை மேல் உயிர். ஆனால் தேர்வு வாரத்தில் குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. பதினேழுக்கு என்ன கவலை, பேப்பர் திருத்துவது மருமகள்தானே, வீட்டில் சோறு போட வேண்டாமா என்றார்கள். கூடத்தில் வேறு ஆசிரியை இல்லாததால் பேச்சை மறுக்கவும் வழியில்லை. அவர் டிபன் பாக்ஸைக் கழுவாமலே திரும்பிவிட்டார்.

பசையில் விரல் தேய்த்து, எட்டு வருடத்தில் மேலே வந்தவளின் பெயர் தன்னால் கெட்டுவிடுமோ என்ற பயம் அன்று அவரைப் பிடித்துக்கொண்டது. தேறாமல் போவதைவிட அது பெரிதாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம், பாத்திரம் துலக்கும்போது, வீட்டில் தொழிற்சாலைப் பேச்சை எடுத்து அவரே ஒப்பந்தத்தை மீறினார்.

"நாளைக்கு எனக்குன்னு ஒரு கண்ணை மூடிடாதம்மா. அப்படிப் பாஸானா அது எனக்கு ஒட்டாது."

"மூட மாட்டேன் அத்தை." மருமகள் ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆனா பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் டெய்லரம்மா. பயத்தைச் சொல்லிவிட்டதில் இருவருக்கும் கொஞ்சம் இலேசாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை தேர்வு நடந்தது. இருபது மெஷினும் ஒரே நேரத்தில் ஓடின. உற்பத்தி மேலாளர் கதவருகே கை கட்டி நின்றார். டெய்லரம்மாவுக்கு முதல் அப்பர் பத்து நிமிடத்தில் முடிந்தது, இரண்டாவது அதைவிடச் சீக்கிரம். வளைவுகளில் அவர் கால் வெண்ணெயாக இறங்கியது. மூன்றாவது முடிந்தபோது கடிகாரத்தில் இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. மனது நிறைந்துவிட்டது. நாலாவதின் கடைசிக் கோட்டில், இதோ முடியப்போகிறது என்ற நிம்மதியில், வாய்க்குள் ஒரு பழைய பாட்டுகூட வந்தது. அந்த நிம்மதிதான் கெடுத்தது. தையல் முடிந்த இடத்தில் கை பின்தையல் லீவரை அழுத்தி, பின்னால் நாலு, முன்னால் நாலு ஓட்டிவிட்டு, ஒன்றுமறியாதது போல மடிக்குத் திரும்பிவிட்டது.

குதிகாலுக்கு வரும் பட்டை அந்த இடத்தின் மேல் மூடிக்கொள்ளும். தூக்கிப் பார்த்தாலொழிய வெளியே தெரியாது. டெய்லரம்மா நூலைச் சுட்டு, அப்பரை மற்ற மூன்றோடு வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு தரம் நினைத்தார். சொன்னால், மருமகள் கண்டுபிடிக்க மாட்டாள் என்று தானே தீர்ப்புச் சொன்னது போல் ஆகுமே என்று உட்கார்ந்துவிட்டார்.

மேடம் வரிசையாக வந்தாள். பதினாறாம் நம்பரான ஜெராக்ஸ் கடைப் பெண் தேறினாள். பதினேழின் முதல் மூன்றையும் விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தாளில் மூன்று சரி போட்டாள். நாலாவதை எடுத்தாள். எல்லோருடைய அப்பரிலும் செய்தது போலவே குதிகால் பட்டையைக் கட்டைவிரலால் தூக்கினாள். பார்த்துவிட்டாள். பட்டை மறுபடி மூடிக்கொண்டது. பேனா தாளுக்கு மேலே நின்றது.

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குழாயடிப் பெண்கள் இருவரும் எழுந்து நின்றே பார்த்தார்கள். மேலாளர் கதவிலிருந்து இரண்டு அடி உள்ளே வந்தார். மருமகள் கண்டுபிடித்துவிட்டாளே என்று டெய்லரம்மாவுக்குள் ஒரு பெருமை பொங்கியது. கூடவே, இந்தப் பிள்ளையை இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்றும் இருந்தது.

"குடுங்க மேடம்" என்று சொல்லி அப்பரை அவள் கையிலிருந்து வாங்கினார். இந்தத் தடவை மேடம் என்ற சொல்லில் குறும்பு கொஞ்சமும் இல்லை. பட்டையைத் தூக்கி, தையலுக்கு இரு பக்கமும் கட்டைவிரல்களைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழு இழுத்தார். துளை வரிசை பிடித்துத் தோல் இரண்டாகப் பிளந்தது. கிழிந்த வாய் கூடத்தின் கடைசி மெஷின் வரைக்கும் தெரிகிற மாதிரி, அதை மருமகளின் தாளுக்குப் பக்கத்தில் மலர்த்தி வைத்தார்.